முதல் வரிசைக்கு மட்டும்

களை மருந்து தெளிக்கும் டேங்கின் மூடியைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது, கூட்டாளி. புது டேங்க், பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. ஆனாலும் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால், உளுந்து போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. புல் மண்டிக் கிடந்தது. களை எடுக்க ஆள் இல்லை, எல்லாரும் காலையிலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். போன போகம் முழுக்கப் புல்லுக்கே போனதால் இதுவும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக இருந்தேன். புல் இன்னும் நாலு நாள் வளர்ந்தால் மருந்துக்கும் மசியாது. பக்கத்துக் கரும்புக்காரரிடம் டேங்கை இரவல் வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை, உனக்குத் தோல் கம்பெனி லீவு. வரப்பில் நின்றவன் மூடியைத் திறந்து மூக்கை நுழைத்தாய்.

"இன்னாடா இது, கரும்பு மருந்து வாசன அடிக்குது?"

"ரெண்டு வாட்டி அலசிட்டேம்பா."

"கறுப்புச் சாயம் ஓட்டின டிரம்ம சும்மா அலசிட்டு வெள்ளத் தோல போட்டா இன்னா ஆவும் தெரியுமா? முதல் வரிசைக்கு மட்டும் அடி. ரெண்டு நாள் பாரு."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சாயத் தொட்டியில் ஊறிய மூக்கு எதைக் கண்டது என்று வாய்விட்டே சொன்னேன். நீ சிரித்தாய், டேங்கைத் தரவில்லை. கடைசியில் உளுந்துக்கான களை மருந்தைக் கலந்து ஒரே ஒரு வரிசைக்கு அடித்தேன்.

மறுநாளே அந்த வரிசை உளுந்து தண்டு முறுக்கித் தலை கவிழ்ந்து கிடந்தது. புல் மட்டும் ஜோராக நின்றது; உளுந்து மருந்து அதைப் பிடிக்க ஒரு வாரம் ஆகும். கரும்புக்கு அடிக்கும் களை மருந்து புல் இனத்தை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடியைத்தான் பிடிக்குமாம். டேங்கின் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சமே போதுமாக இருந்தது. நீ தடுக்காவிட்டால் முழு நிலத்துக்கும் அடித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்து சோப்புத் தூள் கரைத்து டேங்கையும் குழாயையும் ஊறவைத்தாய். மறுநாள் காலையில் நீ வேலைக்குக் கிளம்புமுன் நாலைந்து முறை கழுவினோம். கழுவின தண்ணீரைக் கால்வாயில் கொட்டப் போனேன்.

"பாலாத்துக்குப் போவும்டா. எங்க தோல் கம்பெனிங்க பண்ணதே போதும்," என்று தடுத்தாய். பொட்டல் பக்கம் குழி வெட்டி ஊற்றினோம்.

பிறகு அதே உளுந்து மருந்தை நிலம் முழுக்க அடித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்தபோது புல் குருத்து மஞ்சளித்து, இழுத்தால் கையோடு வந்தது. அதை ஒட்டி நின்ற உளுந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தாய்.

"எது புல்லு, எது உளுந்துன்னு அதுக்கு எப்டிடா தெரியுது?"

இருபது வருஷம் ரசாயனத்தோடு கிடந்த ஆள் நீ, குழந்தை மாதிரி வாய் பிளந்து பார்த்தாய். நானோ உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிரம் நாற்றத்திலும் செத்துப்போகாத மூக்கு! நான் அதைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அப்புறம் நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று முகர்ந்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் வரிசைக்கு மட்டும் அடித்துவிட்டு டேங்கை இறக்கி வைத்தேன்.

"சொந்த டேங்க், புது டேங்க், இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க?" என்கிறாள் என் வீட்டுக்காரி.

இரண்டு நாள் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, வரப்பில் நீ நின்ற இடத்தில் நிற்கிறேன்.