பேச்சு வராத மத்தியானம்

இன்று காலை எதிர்வீட்டில் ஒரு சாவு. ஊதுபத்தி வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எனக்கு விரல்கள் சில்லிட்டுப்போயின. அந்த வாசனையோடு உன் அப்பாவின் சாவுதான் எப்போதும் வரும். பின்னாலேயே, உன்னை அழைத்துப்போக வந்த உன் அண்ணன்களும்.

அறுபதுகளின் தொடக்கம். நமக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான். ஸ்ரீரங்கத்தில் உன் பிறந்தவீடு கொள்ளாத கூட்டம். ஒவ்வொரு அழுகைச் சத்தமும் தனித்தனியாக என் தலைக்குள் இறங்கியது. உயிரோடு இருந்தவரை என்னை அவசரப்படுத்தாமல் பேசிய ஒரே பெரியவர் மாமா, உன் அப்பா. ஆனாலும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கட்டிக்கொண்டு அழ வந்த உன் பெரியண்ணனை உதறிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் நடந்து, அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். பாடை கிளம்பியபோது நான் அங்கே இல்லை.

காரியம் முடிந்ததும் ஒரு மத்தியானம் அண்ணன்கள் தென்னூருக்கு, நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"பெட்டியை எடும்மா, கிளம்பு. இந்த மனுஷனுக்கு ஈரமே இல்ல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தான் எழுந்து போவாரு" என்றார் பெரியவர்.

"எங்கப்பா உங்களுக்கு யாரு மாப்பிள்ளை? வாயைத் திறந்து சொல்லுங்க" என்று சின்னவரும் சேர்ந்துகொண்டார்.

கை வேட்டி நுனியை முறுக்கியது. நான் வாசலைப் பார்த்ததை நீ பார்த்துவிட்டாய். மறிக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா பேசுங்கண்ணே. அவருக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க" என்று மட்டும் சொன்னாய்.

மனசில் என்ன ஓடுகிறது என்பது எனக்கே தெரியாது என்பதை நீதான் முதலில் கண்டுபிடித்தவள். சாயங்காலங்களில் கேட்பாய்: "இப்ப உள்ள என்ன பண்ணுதுங்க?" வயிறு இறுகுது என்பேன். "அப்ப அது பயம். கோபம்னா உங்களுக்குக் காது சூடாகும்" என்பாய். அன்று அதை நான் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. வயிறு கல்லாக இருந்தது. காது சுடவில்லை.

"எனக்கு இப்ப பயமா இருக்கு" என்றேன். ரயில் நேரம் படிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாத குரல். "சத்தம் கூடினா பேச்சு நின்னுடும். யாராவது தொட்டா உடம்பு பதறும். அன்னைக்கு அதான் போனேன். மாமா போனதுலேர்ந்து சோறு இறங்கல. அது துக்கம்னு நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. இவளும் போயிட்டா என்ன பண்ணுவேன்னு தெரியல."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றார் சின்னவர்.

"அன்னைக்குத் தெரியலங்க."

சின்னவர் சாப்பிட உட்கார்ந்தார். பெரியவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். ஆனால் தனியாகத்தான் கிளம்பினார். அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் எட்ட நின்று கும்பிடுவார். அது கோபமா மரியாதையா என்று உன்னிடம் கேட்டேன். "ரெண்டும்தாங்க" என்றாய்.

போன மாதம் நம் பேத்தியைப் பார்த்த டாக்டர், ஆட்டிசம் என்றார். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டியதைப் பார்த்து, "உங்களுக்கும் இருக்கும்போல சார்" என்றார். நமக்கு அந்தப் பெயர் தெரியாமலே காலம் ஓடிவிட்டது.

சொன்னால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இன்றும் இல்லை. சொல்லாவிட்டால் எதை இழப்பேன் என்பது மட்டும் தெரியும். நீ போன அன்று உறவெல்லாம் என் முகத்தையே பார்த்தது. "எனக்கு அழுகை வராதுங்க. ஆனா தாங்க முடியல. யாரும் தொடாதீங்க" என்று நானாகவே சொன்னேன். கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். உன்னைத் தூக்கும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.