யோபுவின் நடுப்பக்கங்கள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் முறைக்காகப் பொய் எழுத இந்த வயதில் கை வரவில்லை. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சுகம் என்று சொல்லு, சுகம் என்று சொல்லு எனக் கையாலேயே சைகை காட்டுகிறார், நானும் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அதையே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

விஷயம் இதுதான். தையல் கடைத் தரையில் கிடந்த குண்டூசி ஒன்று அப்பாவின் வலது காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருப்பதால் ஏறினதே அவருக்குத் தெரியவில்லை, அதே காலால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பார்த்தபோது சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டரம்மா, நம் மருமகள் வயதுதான் இருக்கும், இந்த இரண்டு விரலை உடனே எடுத்துவிட்டால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் கணுக்கால், அப்புறம் முழங்கால் என்று தன் காலிலேயே கையை வைத்து மேலே மேலே ஏற்றிக் காட்டினார். உன் அப்பாவும் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் சபையின் ஜெபக் குழு நம் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தது.

தலைவர் உனக்குத் தெரிந்தவர்தான், அப்பா 'மைக் அண்ணன்' என்று பேர் வைத்திருக்கிறாரே, அவர். நம் முன்னறையில் நின்றுகொண்டு மைதானத்துக்குக் கேட்கிற குரலில் யோபுவின் கதையைச் சொன்னார். யோபு எல்லாவற்றையும் இழந்தான், உடம்பெல்லாம் புண், சாம்பலில் உட்கார்ந்தான், பொறுமையாக இருந்தான், ஆண்டவர் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார், ஆமென், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். பிரசங்கம் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிடுகிற உன் அப்பா அன்றைக்கு என்று பார்த்து விழித்திருந்தார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், தான் விசுவாசத்தில் காத்திருக்கப் போவதாகச் சொன்னார். இரண்டு மடங்கு என்றால் பாதத்துக்குப் பத்து விரலா என்று கேட்டேன். ஆடும் ஒட்டகமும்தான் இரண்டு மடங்கானது, விரலைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது என்றும் எடுத்துச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாப்பது வருஷமா உள்ள வா உள்ள வான்னு கூப்பிட்டே. இப்ப வந்துட்டேன். வந்தவனை ஏன்டி வெளிய இழுக்கிறே?" என்றார். அவருக்கு விசுவாசம் வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து முழங்காலில் நின்றவள் நான். கேட்டது கிடைத்துவிட்டது, இப்போது அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா. ஒரு உதாரணம் பலிக்காவிட்டால் இன்னொன்று. யாக்கோபு ஆண்டவருடைய தூதனோடு விடிய விடியப் போராடி ஆசீர்வாதம் வாங்கினான், ஆனால் நொண்டிக்கொண்டேதான் திரும்பினான், ஆசீர்வாதம் வந்ததால் இடுப்பு சரியாகிவிடவில்லை என்றேன். இடுப்பு சுளுக்கியதே தவிர யாரும் வெட்டி எடுக்கவில்லையே என்றார். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருவேன் என்று ஆண்டவரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அவருடைய கட்டியின்மேல் அத்திப்பழத்தை வைத்துக் கட்டச் சொன்னார், மருந்து விசுவாசத்துக்கு விரோதம் இல்லை பாருங்கள் என்றேன். இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. பாடம் புரிந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். சாயந்திரம் கடைப் பெஞ்சின் கீழே உலர்ந்த அத்திப்பழப் பொட்டலம் இருந்தது. கட்டியதற்கு ஒன்றிரண்டு, மீதியெல்லாம் வாய்க்குள். சர்க்கரை எங்கேயோ போய் நின்றது, டாக்டரம்மா போனில் என்னைத்தான் திட்டினார், நானும் ஏசாயாவைக் காட்டிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையை மட்டும் பார்த்து எழுதுகிற பையன்கள் இருப்பார்கள். கேள்வி இருக்கும், விடை இருக்கும், நடுவில் வழி இருக்காது. மைக் அண்ணன் யோபுவைச் சொன்னதும் அப்படித்தான், முதல் இரண்டு அதிகாரம், கடைசி அதிகாரம். நான் பைபிளை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய், அவர் சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுப்பக்கங்களை வாசிக்க ஆரம்பித்தேன். யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். எச்சில் விழுங்கக்கூட எனக்கு அவகாசம் தரமாட்டீரா என்று ஆண்டவரிடம் சண்டைக்கு நிற்கிறான். ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்களைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்குகிறான். ஊசி நின்றுவிட்டது. பொறுமைசாலி என்றுதானே சொன்னார்கள், இவன் என்ன இப்படித் திட்டுகிறான் என்று கேட்டார். திட்டினான், ஆனால் திட்டியதற்காக ஆண்டவர் அவனைத் தள்ளவில்லை, அவனைத் தேடித்தான் பேச வந்தார் என்றேன். துணியைத் தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பயமா இருக்குடி. விரல் போனா பெடலை எதுல மிதிக்கிறது?" என்றார்.

இத்தனை கதைகளைக் கையில் வைத்திருந்தும், தெரியலைங்க என்றேன். யோபுவுக்கும் அந்தப் புத்தகத்தில் கடைசிவரை தன் துன்பத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை, ஆனால் அதை உதாரணமாகச் சொல்கிற நேரம் அது இல்லை என்பது எனக்கே தெரிந்தது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார், டாக்டரம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண் அவர் பாதத்தைக் கையில் ஏந்தி அழுத்திப் பார்த்துவிட்டு, புண் ஆறினால் மிதிக்க முடியலாம், ஆறுவதைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். இதைக் கேட்டால் இன்னும் பயப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சம்மதம் சொல்லிவிட்டு வந்து, இத்தனை நாளில் எனக்கு எதையும் வாக்குக் கொடுக்காத ஆள் இந்தப் பெண் ஒருத்திதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், எங்கள் குழு சொன்ன யோபுவின் சாட்சியால் தைரியம் பெற்றுச் சகோதரர் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார் என்று மைக் அண்ணன் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். உன் அப்பா என் காதில், மறுத்துச் சொல்லாதே, பாவம், அவருக்கும் ஏதாவது வேண்டுமில்லையா என்றார். இப்போது அவர் ஜெபம் செய்கிறார் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அடுத்த அறையிலிருந்து கேட்டால் வாடகைக்காரரிடம் வம்புக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறது. ஆனால் தூங்கவில்லை, முழுதாக விழித்துக்கொண்டுதான் பேசுகிறார்.

ஆபரேஷன் வியாழக்கிழமை. நீ டிக்கெட் எடுக்கத் துடிக்க வேண்டாம், இப்போது லீவு கேட்டால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் செய். சூரிய உதயப் படத்தின்மேல் வசனம் எழுதி தினமும் காலையில் அப்பாவுக்கு அனுப்புகிறாயே, அதைக் கொஞ்ச நாள் நிறுத்து. நல்ல வசனங்கள்தான், குறை சொல்லவில்லை. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்துவிட்டு, பையன் நான் தைரியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். வியாழனுக்கு முன்னால் கூப்பிடு. பயமாக இருக்கிறதா அப்பா என்று கேள். இல்லை என்பார், இன்னொரு தரம் கேள். அதன்பிறகு அவர் என்ன சொன்னாலும் உன்னிடம் அதற்குப் பதில் இருக்காது, ஆனாலும் போனை வைத்துவிடாதே.

மருமகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். குழந்தைக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக.

என்றும் உங்களுக்காக ஜெபிக்கும்,
அம்மா