யார் குரல்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் கூட்டத்துக்குப் போனேன். டைல்ஸ் கடைக்கு மேலே மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதால் சும்மா கொடுக்கிறார்கள். ‘ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்’ என்று கதவில் ஒட்டியிருக்கிறது, வருவதெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள். அப்பா என்று நான் ஒருவன், செருப்புகளுக்குப் பக்கத்து நாற்காலியில். மனைவி இருந்தவரை அவள் போனாள். எனக்கு ஞாயிறு என்றால் தூக்கம். அவள் போய் எட்டு மாதமாகிறது. கூட்டத்தை நடத்தும் டெய்லரக்கா வாராவாரம் போன் போட்டு, சும்மா வந்து உக்காருங்க தம்பி என்று நச்சரித்து, தொல்லை தாங்காமல்தான் போக ஆரம்பித்தேன்.

அங்கே ‘யார் குரல்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் சொந்தமாகப் பேசுவதில்லை. எங்கோ கேட்டதைச் சேர்த்துவைத்து, மாதக்கணக்கில் கழித்து, சொன்னவர் குரலிலேயே, அதே இழுப்போடு திருப்பிச் சொல்வார்கள். வாரம் முழுக்கப் பிள்ளை என்ன சொன்னது, அது யாருடையது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாவின் பையன், மாமியார் வந்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, “இந்தக் கெழவி எப்பக் கிளம்புதாம்?” என்று தன் அம்மாவின் குரலிலேயே கேட்டுவிட்டானாம். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் முறை வந்தபோது விசேஷமாக ஒன்றுமில்லை என்றேன். பொய். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு பாலைத் தேடினேன். முதுகுக்குப் பின்னால் என் மனைவி பேசினாள். “ஏங்க, மூடுங்க. உள்ள என்ன சினிமாவா ஓடுது?”

திரும்பினால் பாப்பா. பத்து வயது. கண் என் மேல் இல்லை, உள்ளே எரியும் விளக்கின் மேல். மூடினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மறுபடி திறந்தேன்.

மார்ச் 5

ஈரத் துண்டை மெத்தை மேல் போட்டேன். மறந்து போடவில்லை.

“எத்தனை வாட்டி சொல்றது உங்களுக்கு?”

அப்படியே அவள்தான். கடைசியில் வரும் அந்தப் பெருமூச்சு உட்பட.

மார்ச் 10, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். பாப்பா அவங்கம்மா மாதிரி மட்டும்தான் பேசுகிறாள், வேறு யார் குரலும் கிடையாது என்று. மருந்துக்கடை அம்மா, குடுத்துவச்சவர் நீங்க என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

டெய்லரக்கா விடவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், மகனுக்கு இருபத்திரண்டு வயது, அவனும் எங்கள் பிள்ளைகள் மாதிரிதான். அவள் தானாகச் சொல்கிறாளா, நான் சொல்லவைக்கிறேனா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பொம்மைக்குச் சாவி கொடுக்கிறேனா என்றேன்.

“கோபப்படாதீங்க தம்பி. அது அவ ஆறுதலுக்குச் சேத்துவச்சது. உங்க ஆறுதலுக்கு எடுத்துச் செலவு பண்ணாதீங்க.”

பிறகு, ‘ராத்திரிப் பழக்கம்’ ஆரம்பிக்கலாமே, ஒரு மணி நேரம் பாப்பாவை என் வீட்டில் விடுங்கள் என்றார். இவர்கள் தங்களுக்குள் பிள்ளைகளை இப்படி மாற்றி மாற்றி விட்டுப் பழக்குகிறார்கள். முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள், அப்புறம் ஒரு ராத்திரி. யாருக்காவது ஒன்று என்றால் பிள்ளை தெருவில் நிற்கக் கூடாதாம். எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் வந்தேன்.

மார்ச் 14

வாய் சும்மா இருந்திருக்கலாம். லிஃப்ட் ரிப்பேர்தான் என் வேலை. எடைக்கு எடையாகத் தொங்கும் இரும்புக் கட்டிகளைப் பழைய லிஃப்ட் ஒன்றில் மாற்றிக்கொண்டிருந்தோம். தூக்கும்போது தொடை இடுக்கில் சுரீர் என்றது. தொட்டால் உருண்டையாக ஒன்று. ஹெர்னியா என்றார் டாக்டர். குடல் வெளியே தள்ளியிருக்கிறது, மாட்டிக்கொண்டால் ஆபத்து, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள், இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும் என்றார். ரொம்பச் சுலபமாகச் சொல்கிறார். இரண்டு ராத்திரி பாப்பா எங்கே இருப்பாள்? இடுப்புப் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 16, சனி

எழுதவே கை வரவில்லை.

ஃப்ரிட்ஜும் துண்டும் பழகிவிட்டன. புதிதாக ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆமாம், டெய்லரக்கா சொன்னது சரி, நான்தான் சாவி கொடுக்கிறேன். சாயங்காலம் பால்கனியில் மனைவியின் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவள் அங்கே உட்கார்ந்துதான் துணி மடிப்பாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. பாப்பா காலடியில் கிடப்பாள். நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை, துணி மடித்ததும் இல்லை. இரண்டு சட்டை மடிப்பதற்குள் பாப்பா வந்து தரையில் உட்கார்ந்தாள். குரல் வந்தது. தணிந்த குரல், போனில் பேசுகிற குரல்.

“இல்லக்கா. ஆபரேஷனெல்லாம் அப்புறம். ஒரு வாரம் இவள யாரு பாத்துக்குவா? வேணாம்… அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

என்ன ஆபரேஷன்? எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இருக்கவில்லை. வயிற்றில் கட்டி, பார்க்கும்போதே பரவிவிட்டது, கை வைக்க முடியாது என்றுதான் என்னிடம் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாள், மூன்று வாரத்தில் போய்விட்டாள். அவ்வளவுதானே எனக்குத் தெரியும்?

மார்ச் 17, ஞாயிறு

எல்லோரும் இறங்கிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். டெய்லரக்கா கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பாப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். குழாயை மூடினார். ஆனால் திரும்பவில்லை.

அந்தப் போனின் மறுமுனையில் இருந்தது இவர்தான். இறப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே கட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். மனைவி தள்ளிப் போட்டிருக்கிறாள், இரண்டு தடவை.

“நான் பாத்துக்குறேன்னு சொன்னேன் தம்பி. எங்கிட்ட இருக்கமாட்டா, அழுதே செத்துடுவான்னா. சரி, அவங்கப்பாகிட்ட விடுன்னேன்.” ஒரு கப்பைத் துடைத்து வைத்தார். “சிரிச்சா.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். அது நெஞ்சில் கிடந்து உறுத்தித்தான், அவள் போன மறு மாதமே ராத்திரிப் பழக்கத்தை ஆரம்பித்தாராம். இன்னொருத்தி இப்படிப் போகக் கூடாது என்றார். அந்த நிமிடம் அந்த அம்மாளை அடியோடு வெறுத்தேன். ஒரு வார்த்தை போதும், ஒரு போன், ‘உன் பெண்டாட்டியைப் பார்’ என்று. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் வெறுத்தேன். வீட்டு வாசலில் சாவி போடும்போது என்னை நானே வெறுத்தேன். அது இன்னும் போகவில்லை.

மார்ச் 18

ஒரு வாரம். என் பெண்ணை ஒரு வாரம் என்னிடம் நம்பி விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அதை நினைத்துத்தான் சிரித்தாளா?

மார்ச் 21

பாப்பா அதை விடமாட்டேன் என்கிறாள். முதலில் நான் துணி மடித்தால் மட்டும் சொன்னாள். இப்போது சாப்பிடும்போது, ஷூ மாட்டும்போது, ஸ்கூல் வேனில் ஏறும்போது. “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.” என்னிடம்தான் சொல்கிறாள், முகத்துக்கு நேராக. ரொட்டியை ஒரு வாய் கடிக்கிறாள், சொல்கிறாள்.

இன்று கத்திவிட்டேன். நிறுத்துடி, போதும்டி, நான்தானடி அந்த அவர் என்று. பாப்பா மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள், பல் பதிய. மருந்து போட்டுவிட்டேன். அவளுக்கு அது குற்றச்சாட்டு இல்லை. அம்மா காலடியில் கிடந்த சாயங்காலத்தின் சத்தம், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லையே, நான் என்ன செய்ய?

மார்ச் 26

கூட்டத்துக்குப் போகவில்லை. டெய்லரக்கா போனையும் எடுக்கவில்லை.

இன்று லிஃப்டின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலி வந்து கண் இருட்டிவிட்டது. சூப்பர்வைசர் கை கொடுத்து இறக்கினார். எப்பய்யா ஆபரேஷன், நாள் குறிச்சாச்சா என்றார்.

“ஆபரேஷனெல்லாம் அப்புறம் சார். பொண்ண யாரு பாத்துக்குவா?”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சூப்பர்வைசர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், காதில் ஏறவில்லை. அதே வார்த்தைகள். அவளிடமிருந்து பாப்பாவுக்கு வந்து, பாப்பாவிடமிருந்து எனக்கு வந்துவிட்டன. மனைவிக்கு அப்புறம் நான் இருந்தேன், உதவாக்கரையாகவாவது. எனக்கு அப்புறம் யார்?

வீட்டுக்கு வரும் வழியிலேயே டெய்லரக்காவுக்குப் போன் போட்டேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் பாப்பாவோட விரிப்பும் பல்தேய்க்கிற பிரஷ்ஷும் எடுத்துட்டு வாங்க என்றார்.

மார்ச் 31, ஞாயிறு

ஒரு மணி நேரம். தையல் மெஷின் ஓடும்போது மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாப்பா அசையாமல் நின்றாளாம். நான் தெருமுனையில் ஒரு பழைய செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 20, சனி

அரை நாள். இன்று பாப்பா டெய்லரக்காவின் முழங்கையைக் கடித்துவிட்டாள். அலறல் தெருவரை கேட்டது. படியேறி ஓடினேன். கதவைப் பாதி திறந்து குறுக்கே நின்றார், முழங்கையில் துணி சுற்றியிருந்தது.

“உள்ள வராதீங்க. கத்துனா அப்பா வந்துடுவாருன்னு இன்னைக்குப் படிச்சுட்டான்னா, நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது விடிய விடிய கத்துவா.”

படியில் உட்கார்ந்தேன். உள்ளே ‘அம்மா’ என்று கத்தினாள், அது அவள் சொந்தக் குரலா, யாரிடமாவது கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நின்றது. நின்றது இன்னும் பயமாக இருந்தது. அப்புறம் மெஷின் சத்தம் கேட்டது.

மே 4

முதல் ராத்திரி பாப்பா அங்கே. நான் இங்கே. வீட்டில் யாரும் எதற்கும் என்னைத் திட்டவில்லை. மனைவி செத்தது எட்டு, பத்து மாதத்துக்கு முன்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அவள் இன்றைக்குத்தான் வீட்டில் இல்லை.

மே 11

பாப்பாவிடம் புதுக் குரல் வந்திருக்கிறது. “ஊசி கெடக்கு, பாத்து நட.” டெய்லரக்கா அச்சு அசலாக. எங்கள் வீட்டில் ஊசியே கிடையாது. பழையவை குறைகின்றன. துணி மடித்தேன், ஒன்றும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் நான். பொறாமையாக இருக்கிறது. அந்த அம்மாள் என் மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து எழுதுகிறார் என்று தோன்றுகிறது. அநியாயமான எண்ணம். இருந்தாலும் தோன்றுகிறது.

மே 19, ஞாயிறு

நாளை அட்மிஷன். பாப்பாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தினமும் ஒரே மாதிரி, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கூட்டத்தில் வார்த்தை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரெண்டு ராத்திரி அக்கா வீடு. அப்புறம் அப்பா வருவேன்.’

ஒரு வாரமாக முதல் இரண்டை மட்டும் சொல்லிவந்தேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. அவள் அம்மாவும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பாப்பா அந்த மூன்று வாரமும் வாசல் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது எனக்குத்தான் தெரியும். அதன் பிறகு ‘வருவேன்’ என்ற சொல்லையே இந்த வீட்டில் நான் சொன்னதில்லை, கடைக்குப் போகும்போதுகூட.

இன்று ராத்திரி படுக்கவைக்கும்போது சொன்னேன். குரல் கரகரத்துவிட்டது. பாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

மே 22, புதன்

வந்துவிட்டேன். தையல் இழுக்கிறது, சிரித்தால் உயிர் போகிறது, நல்லவேளை சிரிக்க வைக்க ஆள் இல்லை.

டெய்லரக்கா வீட்டு வாசலில் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதெல்லாம் வேணாம் என்று வெட்டினார். எனக்கும் வயசாகுது தம்பி, என் பையனுக்கும் ஒரு வீடு பழகணும் என்றார். முழங்கையில் பல் தடம் ஆறிக் கறுத்திருந்தது. சனிக்கிழமை அவனை என் வீட்டுக்கு அனுப்புங்கள், ஒரு மணி நேரம் என்றேன். வாய் தவறிச் சொன்னதல்ல. இரண்டு ராத்திரியும் எப்படித் தூங்கினாள் என்று கேட்டதற்கு, இன்னைக்கு நீங்களே கேளுங்க என்று மட்டும் சொன்னார்.

பாப்பாவைப் படுக்கவைத்து, விளக்கை அணைத்து, கதவருகே நின்றேன். போர்வைக்கு அடியிலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல் வந்தது. கரகரப்பாக, களைத்துப்போய், சொல்லின் நுனியை விழுங்கிப் பேசும் குரல். யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அப்புறம் அப்பா வருவேன்.”

நிறுத்தி, மறுபடி, “அப்புறம் அப்பா வருவேன்.” இடைவெளி நீண்டுகொண்டே போய், மூச்சு சீரானது.

பத்து வருடத்தில் அவள் சேர்த்துவைத்ததில் என்னுடையது ஒன்றுகூட இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. ஒருநாள் நான் வரமாட்டேன். அன்றைக்கும் இதையேதான் சொல்வாள், யாருடைய வீட்டிலோ, என் குரலில், தூக்கம் வரும்வரை. அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என் முறை வரும்போது சொல்லி வைக்க வேண்டும், இது யார் குரல் என்று.