இரண்டு நாள் பட்டினியும் மூன்று மாசத்து ரத்தமும்

அம்மணி,

கூலி உயர்வு கேட்டுச் சோமனூர் விசைத்தறிகளெல்லாம் நின்றுபோய், நாம் மூன்று வேளையும் சோளக்களி தின்ற வருஷத்தில்தான் நம் மூத்தவன் பிறந்தான். அந்தக் கதை இன்றைக்கு எதற்கு என்பாய். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நம் பேத்தி நித்யா, ஆறு மாசக் கர்ப்பிணி. குளுக்கோஸ் தண்ணீரை இப்போதுதான் குடித்து முடித்தாள். அந்தத் தித்திப்பு வாடைதான் உன் ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களாம். அதுவரை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

உன் மகள் செல்வி உன்னையே உரித்து வைத்தாற்போல் இருக்கிறாள். மூன்றாம் மாசம் ரத்தம் எடுக்கப் போகுமுன் இவளுக்கு இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு கொடுத்துக் கூட்டிப்போனாள். பரீட்சையில் பாஸாக வேண்டுமாம்! வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பட்டினி போடுகிறவளை என்ன சொல்ல? நீயும் இதைத்தானே செய்தாய். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன்பு விரதம். பார்த்து முடிந்ததும் எதிர் பேக்கரியில் தேங்காய் பன். "ஏனுங்க, டாக்டரையே ஏமாத்திப்போட்டேன்" என்று சிரிப்பாய். யாரை ஏமாற்றினாய்? சர்க்கரையில் கால் போனது உனக்குத்தானே.

இந்த டாக்டரம்மா ஏமாறவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும், கூடவே இன்னொரு சோதனை செய்திருந்தார். "இது மூணு மாசத்துச் சர்க்கரையைக் காட்டுமுங்க. ரெண்டு நாள் பட்டினிக்கெல்லாம் மசியாது. இப்ப நோய் இல்லீங்க. ஆனா பார்டர்ல நிக்குது, போகப்போக வர வாய்ப்பு இருக்குது. ஆறாம் மாசம் கட்டாயம் வாங்க" என்றார். செல்வி அதில் 'நோய் இல்லை' என்பதை மட்டும் முடிந்துகொண்டாள்.

"அதான் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்களே, மறுபடி எதுக்குங்கப்பா? வளைகாப்புக் கட்டுச்சோத்து விருந்துக்கு இனிப்புக் கச்சாயம் சுடோணும், ஆயிரம் வேலை கெடக்குது."

வந்த கோபத்தில் நானே இவளைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன்.

"அப்பச்சி, இதையுமா எழுதோணும்? அம்மா படிச்சா என்னயக் கொன்னுபோடும்."

"எழுது கண்ணு. நல்லாப் படிக்கட்டும்."

காலையில் டாக்டரம்மா கேட்டார்: "உங்க குடும்பத்துல ரொம்பப் பெருசாக் கொழந்தை பொறந்து தவறியிருக்குதுங்களா?" மூன்றாம் மாசமே கேட்டாராம், செல்வி இல்லை என்றாளாம். அவளுக்கு எப்படித் தெரியும்? "செத்த புள்ளையப் பத்தி எம்மக காதுல போடாதீங்க" என்று கடைசிவரை என் வாயை அடைத்தவள் நீ.

இன்று சொல்லிவிட்டேன். கண் பட்டுவிடும் என்று ஊரே திருஷ்டி சுற்றிய நம் மூத்தவனின் பருமனையும், மறுநாளே அவன் அடங்கிப்போனதையும் சொன்னேன். உனக்கு அப்போதே சர்க்கரை இருந்திருக்கலாம் என்கிறார். அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்! இன்றைய முடிவு எதுவானாலும், பிரசவம் வரை நித்யாவைக் கண்காணிப்பில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அவனை ஏந்திய மருத்துவச்சி போய்விட்டாள். உன் அம்மா, என் அண்ணன், பிறகு நீயும். அவனுடைய கனம் இன்னும் என் முழங்கையில் இருக்கிறது, அம்மணி. அதை எடுத்துச் சொல்ல மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். நீ ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத மாரப்பன்.