ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யப்பட்ட சர்வரில் பழைய தொகுப்புகளை மீண்டும் நிறுவ அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
மு. பிரேமலதா,
புவியியல் ஆசிரியர் மற்றும் பகுதிநேர ஆய்வு மாணவி,
கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தென்கரை அறிவியல் ஆய்வு நிறுவனம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: நிறுவனக் கணினி மையம் – ஆயுத பூஜையை ஒட்டி ஜூலியா மொழித் தொகுப்புகளின் பழைய பதிப்புகள் நீக்கப்பட்டமை – பச்சைமலை வெள்ள நேரக் கணக்கில் முரண்பாடு – கட்டளைத் திரை வழியாகப் பழைய பதிப்புகளை நிறுவிக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. கட்டளைத் திரைப் பயன்பாடு குறித்த கணினி மையச் சுற்றறிக்கை.
2. மையப் பொறுப்பாளரிடம் 6.10.2025 அன்று நேரில் அளித்த என் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வை 2-இல் கண்ட மனுவுக்கு வாய்மொழியாக மட்டுமே பதில் கிடைத்தது. அந்தப் பதிலோடு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

1. நான் ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். தங்கள் நிறுவனத்தில் பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிவு செய்துள்ளேன். பள்ளி விடுமுறை நாள்களில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் கணினி மையத்துக்கு வந்து போவது வழக்கம். பச்சைமலையில் கனமழை பிடித்தால், தண்ணீர் ஓடையில் இறங்கி வந்து அடிவாரத் தரைப்பாலத்தை மூழ்கடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுவதே என் ஆய்வு. ஜூலியா என்னும் கணினி மொழியில் நான் எழுதிய நிரல் அந்தக் கணக்கைச் செய்கிறது.

2. உப்பிலியபுரம் பக்கம் வேலைக்கும் சந்தைக்கும் இறங்கும் மலைக்கிராம மக்கள் வீடு திரும்ப அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். பஸ் அரிது, பெரும்பாலும் நடைதான். கடந்த ஆடி மாதம் என் நிரல் ஐந்து மணி நேரம் என்று விடை சொன்னது. என் ஆய்வு வழிகாட்டியும் சரிபார்த்து ஒப்புக்கொண்டார். மலைக்கிராம மகளிர் குழுத் தலைவி திருமதி வீராயி அவர்கள் இதைக் கேட்டறிந்து, மலையில் கனமழை தொடங்கினால் ஐந்து மணி நேரத்துக்குள் பாலத்தைக் கடந்துவிடவும் என்று பாலத்தருகே ஒரு பலகை எழுதி வைத்தார். எழுத்துகள் சற்றுக் கோணல். எண் மட்டும் தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிதாக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்ததை மறைப்பானேன்.

3. ஆயுத பூஜைக்கு முன் கணினி மையத்தைச் சுத்தம் செய்வது மரபு. அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. திரைகளைத் துடைத்து, ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சர்வர் அறை வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் பொரிகடலை கிடைத்தது. மைய உதவியாளர் திரு. செந்தமிழன் இவ்வாண்டு ஒரு படி மேலே போய், சர்வரின் உள்ளேயும் சுத்தம் செய்திருக்கிறார். ஜூலியா தொகுப்புகள் அனைத்தையும் புதிய பதிப்புக்கு மாற்றினார். பழைய பதிப்புகளை அடியோடு நீக்கினார். எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பில் இருந்தது என்று ஜூலியா தானாகவே குறித்து வைத்திருக்கும் கோப்பும் பழையதாகத் தெரிந்ததால் அதுவும் போயிற்று. பின்னர் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துச் சர்வரை இயக்கி வைத்தார்.

காலாண்டு விடுமுறையாதலால் மறுநாளே நான் மையத்துக்கு வந்தேன். "வீட்ல பரண் மேல கிடக்குற பழசையெல்லாம் தூக்கிப் போடுவோம்ல மேடம், அந்த மாதிரிதான். இப்ப எவ்வளவு லேசா ஓடுது பாருங்க" என்றார் அவர். லேசாகத்தான் ஓடியது. என் நிரல்தான் ஓடவில்லை.

4. தொகுப்பு என்பது பிறர் எழுதிப் பொதுவில் வைத்த கணக்கு முறைகளின் கட்டு. என் நிரல் அத்தகைய பல கட்டுகளின் மேல் நிற்கிறது. அவற்றை எழுதியவர்கள் அவ்வப்போது ஒரு முறையை மாற்றிப் புதுப் பதிப்பு வெளியிடுவார்கள். அதனால் பழைய பதிப்பு கெட்டுப்போனது என்று பொருளில்லை. ஒரு விடை எந்தப் பதிப்பில் கிடைத்ததோ அந்தப் பதிப்பு இருந்தால்தான் அந்த விடையை மறுபடி எடுத்துக் காட்ட முடியும். ஆய்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்குத் தனித்தனியாகத் தொகுப்புகளை வைத்துக்கொள்ள ஜூலியாவில் வசதி உண்டு. நம் மையத்திலோ எல்லோருக்கும் ஒரே பொதுத் தொகுதி என்பது ஏற்பாடு. ஒருவருக்காகச் சமையலில் உப்பைக் கூட்டினால் பந்தி முழுவதற்கும் கூடிவிடும் கதைதான் இது.

5. புதிய பதிப்பின் விதிகளுக்கேற்ப நிரலில் சில வரிகளை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. ஆனால் விடை ஐந்து மணி நேரம் அல்ல, மூன்று. மழைத் தரவு அதே தரவு. ஓடை அதே ஓடை. மழைமானிப் பதிவு விடுபட்ட இடங்களைப் பழைய பதிப்பு ஒரு விதமாகவும் புதியது வேறு விதமாகவும் எடுத்துக்கொள்கிறதோ என்று சந்தேகிக்கிறேன். நான் மாற்றிய வரிகளில் பிழை இருக்கவும் வாய்ப்புண்டு. முதலிலிருந்தே என் கணக்கு தப்பாக இருந்து, புதிய பதிப்பு அதைக் காட்டிக்கொடுத்திருக்கவும் கூடும். பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் ஒரு பகலில் தெரிந்துவிடும். அதற்குப் பழையது வேண்டும்.

6. அன்று மாலையே திருமதி வீராயி அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பலகையை உடனே மூடச் சொன்னேன். அவர் ஒரு சாக்கைக் கட்டி மூடிவிட்டார். பிறகு, "அஞ்சுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. இப்ப மூணுங்கிறீங்க. நான் சனங்ககிட்ட எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதைக்கு மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். குறைந்த எண்ணையே எழுதிவிட்டுப் போனால் என்ன என்று மையத்தில் சிலர் கேட்கிறார்கள். மூன்று மணி நேரம் என்றால் கூலி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். அப்படி ஓடி வந்து இரண்டு முறை ஏமாந்தவர்கள் அடுத்த முறை பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தவிர, மூன்று என்பதும் சரிதானா என்று எனக்குத் தெரியாது.

7. நீக்கப்பட்ட பதிப்புகள் உலகை விட்டே போய்விடவில்லை. இணையத்தில் இருக்கின்றன. கட்டளைத் திரையைத் திறந்து, தொகுப்பின் பெயரையும் அதையொட்டிப் பதிப்பு எண்ணையும் தட்டச்சு செய்தால் அந்தப் பதிப்பே வந்து இறங்கும். முதன்மைத் தொகுப்புகளின் பதிப்பு எண்கள் நான் சமர்ப்பித்துள்ள ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சாகியுள்ளன. ஆனால் பார்வை 1-இல் கண்ட சுற்றறிக்கைப்படி பயனாளர் எவரும் கட்டளைத் திரையைத் தொடக் கூடாது. முன்பு ஒருவர் ஏதோ தட்டச்சு செய்து சர்வர் நின்றுபோனதால் வந்த தடை இது என்று அறிகிறேன்.

மையப் பொறுப்பாளர் திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்கள் என் மனுவைப் பொறுமையாகவே படித்தார். "புதுசே இருக்கும்போது பழசு எதுக்கு மேடம்? நீங்க ஜியாக்ரபி டீச்சர், இந்தக் கறுப்புத் திரை வேலையெல்லாம் உங்களுக்கு வேண்டாமே" என்றார். நான் புவியியல் ஆசிரியர் என்பது உண்மை. அந்தப் பாலத்தில் நடப்பவர்கள் என்னிடம்தான் எண் கேட்டார்கள் என்பதும் உண்மை. அவரே தட்டச்சு செய்யட்டும், நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்றார்.

8. சொந்த மடிக்கணினியில் செய்துகொள்ளலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். மலையின் மழைத் தரவுகளை மைய சர்வரை விட்டு வெளியே எடுப்பதில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்த பிறகே அவற்றைப் பெற்றேன். அந்த வாக்கை மீற எனக்கு மனமில்லை.

9. ஆகவே பின்வருவனவற்றுக்கு ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்:

அ) என் ஆய்வுக்கென்று சர்வரில் ஒரு தனி இடம் ஒதுக்கி, அதற்குள் மட்டும் பழைய பதிப்புகளைக் கட்டளைத் திரை வழியாக நிறுவிக்கொள்ள எனக்கு ஒரு நாள் அனுமதி தர வேண்டும். பொதுத் தொகுதியில் நான் கை வைக்க மாட்டேன். வேண்டுமானால் மைய அலுவலர் ஒருவர் உடனிருக்கட்டும்.

ஆ) இனி வரும் ஆண்டுகளில் சர்வரின் உட்புறத்தைச் சுத்தம் செய்வதானால், ஆய்வாளர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, நகல் எடுத்து வைத்த பிறகே செய்ய வேண்டும். சந்தனம் குங்குமத்துக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை.

இந்த மனுவால் திரு. செந்தமிழன் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். விடுமுறை நாளில் தன் வீட்டு பூஜையை விட்டுவிட்டு வந்து, நல்லது என்று நினைத்துச் செய்தவர் அவர். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை.

ஐயா, வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. மலையில் மாலை வேளைகளில் மேகம் கட்டுவதாக வீராயி அவர்கள் நேற்றும் தொலைபேசியில் சொன்னார். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், அதைப் பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை. பழைய கணக்கு சரியென்றால் அவரிடம் சொல்லிச் சாக்கை அவிழ்க்கச் சொல்வேன். தவறென்றால் என் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்த ஊருக்கு நேரில் போய், நான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். இரண்டில் எதைச் சொல்லவும் நான் தயாராக இருக்கிறேன். எதைச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மழைக்கு முன் தங்கள் ஆணையை வேண்டும்,

(ஒப்பம்)
மு. பிரேமலதா

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 10.10.2025

நகல்: திரு. ஸ்தனிஸ்லாஸ், பொறுப்பாளர், கணினி மையம் – தங்கள் தகவலுக்காக.