கீழே கார் நிறுத்தப் போன மகள்

பிராயிலா,
அக்டோபர் 19

என் கண்ணே ருக்சி,

கடவுள் புண்ணியத்தில் நீ அங்கே சுகமாக இருப்பாய். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. ஆகஸ்டில் எனக்கு நடந்தது குடலிறக்க ஆபரேஷன் என்று போனில் சொன்னேனே, அது பொய். பெருங்குடலில் புற்றுநோய், ஈரல்வரை போயிருந்தது, இரண்டு இடத்திலும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அழாதே, மேலே படி.

போன செவ்வாய்க்கிழமை, இனி எப்படி இருக்கும் என்று கேட்க டாக்டர் ஒனோஃப்ரெய்யிடம் போனேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். “கூட யாரு வந்திருக்காங்க ஐயா?” என்று கேட்டாள். வெளியே காத்திருந்த எல்லோருக்கும் யாராவது துணை இருந்தார்கள், எனக்குப் பக்கத்தில் என் தொப்பிதான் இருந்தது. என்ன தோன்றியதோ, மகள் வந்திருக்கிறாள், கீழே காரை நிறுத்திவிட்டு வருவாள் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பி, “வரட்டும், ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன்” என்று காத்திருந்தாள். கால் மணி நேரம் ருக்சி. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கதவைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒரு தடவை நீதான் என்றே நினைத்துவிட்டேன். கடைசியில் மகள் கனடாவில் இருக்கிறாள் என்றேன். அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துட்டோம், தெரியாதது உள்ள இருக்கலாம். உங்களை மாதிரி பத்துப் பேர்ல நாலு பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்க, நீங்க எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது” என்றாள். ஆறு மாதம் கீமோ, மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன், ஆறாவது ஆளிடம் நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் நான் ஓட்டிய கிரேன் மழையில் நின்றது. வீட்டில் சொல்ல யாருமில்லை, அடுப்பிடம் சொன்னேன். எதிர்வீட்டுப் பராஸ்கிவா சூப்பும் சோளக்களியும் கொண்டுவந்தாள், “மூஞ்சியப் பாரு, சர்ச் சுவத்துல ஒட்டிக் கெடக்குற புனிதர் கணக்கா! பொண்ணுக்குச் சொன்னியா இல்லையாய்யா?” என்று திட்டினாள். இல்லை என்றதும் கரண்டியை வைத்துவிட்டு, “அவளுக்கு மட்டும் அப்பா வேணாமா?” என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

காயம் ஆறிவிட்டது, பசிக்கிறது, கடைவரை நடக்கிறேன். இது பொய் இல்லை. உங்கள் ஊரில் பனி தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. இன்னொன்று, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னாள், அப்பாவுக்கு வந்ததால் நீயும் நாற்பது வயதில் குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம். அடுத்த மார்ச்சில் உனக்கு நாற்பது. தள்ளிப்போடாதே, நான் தள்ளிப்போட்டேன்.

பரிசுத்த மாதா உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். இதைப் படித்துவிட்டு நீ போன் செய்வாய், நான் நன்றாக இருக்கிறேன், வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்பேன். அதை நம்பாதே. வா.

உன் அப்பா,
ஹரலாம்பியே