ஓசூருக்கு ஒரு ஜன்னல் சீட்

மேனாம்பேடு,
6 நவம்பர் 2025

அன்புள்ள கோகுலுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நலமா என்று எழுதிக் கேட்கும் ஜோடி அம்பத்தூரிலேயே நாம்தான். பூந்தமல்லியில் நைட் ஷிஃப்ட் முடித்து நீங்கள் வரும்போது நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வேலைக்குக் கிளம்புகிறேன். வாசலில் சாவி கைமாறுவதோடு நம் குடும்பம் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் ஆபீஸ் குரூப்புகளுக்கு அடியில் போய்விடுகிறது, ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டு என்றீர்கள். ஒட்டிவிட்டேன்.

ஓர் உதவி வேண்டும். என் ஆன்லைன் படிப்பின் பெயரைச் சொன்னாலே உங்களுக்குக் கொட்டாவி வரும். ஜனங்கள் ஏன் போனோடும் கம்ப்யூட்டரோடும் மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்க்கும் படிப்பு, அவ்வளவுதான். குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்திலிருந்து டிக்கெட் எடுப்பதுபோல் ஓர் ஆப் செய்திருக்கிறேன், வெறும் பயிற்சிக்கு. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் என் போனில் அதைப் பயன்படுத்திக் காட்டுங்கள். மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன், லேப்டாப்பில் வீடியோ ஓடும். நீங்கள் எது கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அருள்மொழி


7 நவம்பர்

அருளு,

குழம்பில் உப்பு இல்லை. வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிட்டேன்.

நீ அரை மணி நேரம் என் எதிரில் உட்காருவாய் என்றால் ஆப் என்ன, எலிப்பொறியைக் கொடுத்தாலும் ஆராய்ந்து சொல்வேன். படிப்பு தொடங்கியதிலிருந்து உன் முகத்தைவிட உன் ஹெட்போனைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆனாலும் பெருமைதான். கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று, பெயர்தான் வாயில் நுழையவில்லை.

உன் கோகுல்நாத்


14 நவம்பர்

அருள்மொழிக்கு,

ஓசூர் யூனிட்டுக்குப் போகச் சம்மதம் என்று மேனேஜர் திருவேங்கடம் சாரிடம் போனில் சொல்லிவிட்டேன். இன்றுதான் கடைசி நாள். டிசம்பர் ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன், "ம்" என்றாய். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நீ நிம்மதியாகப் படி. மாவு அரைத்து உள்ளே வைத்திருக்கிறேன்.

கோகுல்நாத்


15 நவம்பர், காலை

கோகுல்,

எந்த ஓசூர்? என்னிடம் எப்போது கேட்டீர்கள்? தாளைப் படித்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோவைப் போட்டேன். கூடப் படிக்கும் ஆவடி ஆக்னஸுக்கு அனுப்ப வைத்திருந்தது, நானே அதுவரை திறந்து பார்க்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"எந்த ஊருக்கு வேணா எடுக்கலாமா? அப்போ ஓசூர் போட்றேன். ஜன்னல் சீட்டு எங்க கீது... கம்பெனில என்ன ஓசூருக்கே போவ சொல்றாங்க அருளு. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணும். இன்னா பண்ணலாம்?"

"மனசுல தோணுறத சொல்லிக்கினே இருங்க." இது நான்.

"போலாம்னும் தோணுது. நீ வேணாம்னு சொன்னா போமாட்டேன்."

"ம்." இதுவும் நான்தான்.

அப்போது என் தாளில் எழுதியிருப்பது இது: 'ஜன்னல் சீட்டைத் தேடித் தடுமாறுகிறார்.' படுபாவி நான், உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வீடியோவில் நீங்கள் போனைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்க்கிறீர்கள்.

ஆனாலும் கோபம் ஆறவில்லை. பதில் சொல்ல மாட்டேன் என்று முன்பே எழுதியிருந்தேனே! இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த நேரத்திலா கேட்பது?

அருள்மொழி


15 நவம்பர், மத்தியானம்

அருளு,

ஆப்பைப் பற்றிக் கேட்டால்தான் பதில் கிடைக்காது என்று நினைத்தேன். நம்மைப் பற்றிக் கேட்டாலுமா?

வேறு எப்போது கேட்பது, நீயே சொல். அந்த அரை மணி நேரம்தான் உன் போன் என் கையில் இருந்தது, நீ என் எதிரில் இருந்தாய்.

காலையில் வந்ததும் உன் அறைக் கதவைத் தட்டப் போனேன். சனிக்கிழமை வகுப்பில் யாரிடமோ "நல்ல கேள்வி, கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை மாற்றல் ஆர்டர் கைக்கு வருகிறது. வாங்கிவிட்டால் பின்வாங்க முடியாது.

கோகுல்


15 நவம்பர், இரவு

அன்புள்ள கோகுலுக்கு,

தட்டியிருக்கலாம். தட்டாமல் போனீர்களே என்று அழுதேன்.

படிப்பை விட மாட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாளை வகுப்புக்கு வரவில்லை என்று ஆக்னஸிடம் சொல்லியாயிற்று. லேப்டாப் பீரோவில் இருக்கிறது.

எங்கள் பாடத்தில் ஒரு முறை உண்டு. சோதனை முடிந்து கேமராவை அணைத்த பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அன்று நான் கேமராவை அணைத்ததும் தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். வேற ஏதாவது சொல்லணுமா?

என் மனதில் தோன்றுவதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். நாளைக் காலை நீங்கள் வரும்வரை ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் அருள்மொழி


16 நவம்பர்

அருளு,

வந்துவிட்டேன். நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறாய். எழுப்ப மனமில்லை, பால் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

சொல்ல நிறைய இருக்கிறது, தாளில் எழுத மாட்டேன். நீ அங்கேயே இரு. பேனாவை மட்டும் உள்ளே வைத்துவிடு.

கோகுல்